அக்காவின் பெயரில் எழுதிய ஒன்றரை வருடம்

மலேசியாவின் கோலா கிளாவாங்கில் கல்யாணச் சமையல் எடுத்து நடத்தும் ஓர் அக்காவுக்காக ஒன்றரை வருடம் எழுதினேன். அவர் கடையின் வலைப்பக்கத்தில், அவர் பெயரில், அவரே எழுதுவதுபோல. "நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது" என்று தொடங்கினால் அந்தப் பிள்ளை அக்கா. விரல்கள் மட்டும் என்னுடையவை.

இந்த வேலைக்கு நான் திட்டம் போட்டு வரவில்லை. சிரம்பானில் ஒரு சிறிய அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். முதலாளி ஓய்வெடுத்துக்கொண்டு அதை மூடிவிட்டார். மகன் பினாங்கில் படிக்கப் போயிருந்தான். கணவர் காலையில் ஆலை வேலைக்குக் கிளம்பிவிட்டால் பாரோயில் எங்கள் வீட்டில் நானும் மின்விசிறியும்தான். அப்போது எங்கள் காருக்கு டயர் மாற்றும் கடைக்காரர் ஒரு நாள் கேட்டார்.

"வெப்சைட் போட்டுக் குடுத்தாங்க. வாரா வாரம் ஏதாச்சும் எழுதிப் போடணுமாம். நீங்க எழுதுவீங்களா? எனக்கு டைம் இல்லலா."

நேரம் இல்லாமலில்லை. கடையில் வாடிக்கையாளர் உட்கார்ந்தால் ஒரு லாரி டயர் வெடித்த கதையை முக்கால் மணி நேரம் சொல்வார். வெடிப்பதற்கு முன்னால் டயர் எப்படி முனகும் என்பதை வாயாலேயே செய்து காட்டுவார். அதையே எழுதச் சொன்னால் கை விறைத்துப்போகும். அவர் பேசியதை அப்படியே எழுதி, கொஞ்சம் நேர்ப்படுத்திக் கொடுத்தேன். அதை அச்செடுத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார். அடுத்த முறை போனபோது ஒருவரிடம், "நான் எழுதினது, படிச்சிப் பாருங்க" என்றார். சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் முகத்தில் வந்த நிம்மதியை இன்னும் மறக்கவில்லை.

அவர் சொல்லி இன்னும் சிலர் வந்தார்கள். ரவிக்கை தைக்கும் ஓர் அம்மா, செடி விற்பவர் ஒருவர். எல்லோரும் நேரம் இல்லை என்றுதான் தொடங்குவார்கள். பேங்க் மேனேஜரிடம் மூன்று மொழியில் வாதாடி ஜெயித்து வருகிறவர்கள்தான். வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டும், சிவப்பு மையில் சுழித்த பள்ளிக்கூட நோட்டு அவர்கள் கண்ணில் வந்து நிற்கும். அந்த வெட்கத்தை வெளியே சொல்ல முடியாது. அதனால் நேரம் இல்லை.

நேரம் இல்லை என்று அக்கா சொல்லவில்லை.

முதல் முறை நான் மலைப்பாதையில் காரை ஓட்டிக்கொண்டு அவர் சமையல் கூடத்துக்குப் போனபோது, ஒரு பெரிய குவாலிச் சட்டியில் கோழி பிரட்டிக்கொண்டிருந்தார். அடுப்பை விட்டு நகராமலே பேசினார்.

"வெப்சைட்டுல இங்கிலீஷ் இருக்கு, மலாய் இருக்கு. அது கஸ்டமருக்கு. எனக்குத் தமிழ்ல ஒண்ணு வேணும்."

"தமிழ்ல படிச்சிட்டு ஆர்டர் குடுக்கிற கஸ்டமர் இருக்காங்களாக்கா?"

"இல்ல. ஆனா வேணும்."

சாப்பாட்டைப் பற்றித்தான் எழுத வேண்டும், ஆனால் ஒவ்வொன்றிலும் அவர் பிறந்த தோட்டம் வந்துவிட வேண்டும் என்றார். லயத்து வீடுகள், கோயில், தமிழ்ப்பள்ளி, ரப்பர் தாள்களைப் புகையில் காயவைக்கும் கொட்டகை, எல்லாம். பழைய தோட்டத்து வாசனை இப்போது நன்றாக விலைபோகிறது, அதற்காகத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் முறை போனபோதுதான் காரணத்தைச் சொன்னார்.

தோட்டத்துப் பள்ளியில் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழி ஒருத்தி. வாத்தியார் கட்டுரை எழுதச் சொன்னால் அந்தப் பெண்ணே இரண்டு எழுதுவாளாம். ஒன்று தனக்கு, ஒன்று அக்காவுக்கு. ஒரே தலைப்பில் இரண்டு விதமாக. தான் டாக்டராக வேண்டும் என்று தன் நோட்டில் எழுதிவிட்டு, அக்காவின் நோட்டில் ரயில் ஓட்ட ஆசை என்று எழுதிவைத்தாளாம்.

"அவ எழுதுவா. நான் வீட்டுலருந்து நெத்திலி வறுத்து எடுத்துட்டுப் போவேன். அதான் கணக்கு."

தோட்டம் கைமாறியது. ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போடப்போகிறார்கள் என்றும் வீடுகளைக் காலிசெய்ய வேண்டும் என்றும் பேச்சு வந்தது. அக்கா வேறொரு தோட்டத்தில் சித்தி கல்யாணத்துக்குப் போய்விட்டு ஒரு வாரம் கழித்து வந்தபோது, தோழியின் வீட்டில் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். எங்கே என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஒருவர் ஜொகூர் என்றார், ஒருவர் கிள்ளான் என்றார். அப்போது இருவருக்கும் பன்னிரண்டு வயது.

"இண்டர்நெட்ல அவ பேரப் போட்டு எவ்வளவோ தேடிட்டேன். ஒண்ணும் கெடைக்கல. ஆனா அவ ஒரு பழக்கம் வச்சிருந்தா. கீழ கெடக்குற துண்டுப் பேப்பரா இருந்தாலும் தமிழ் எழுத்து இருந்தா எடுத்துப் படிச்சிருவா. அந்தப் பழக்கம் போயிருக்காது. அதான் தமிழ்ல வேணும்ங்கிறேன்."

"அப்ப நீங்களே எழுதலாமேக்கா. உங்க எழுத்துன்னா அவங்களுக்குச் சட்டுன்னு தெரிஞ்சிருமே."

அக்கா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என் எழுத்தப் பாத்தா அவ சிரிப்பா. இத்தன வருஷமாகியும் இன்னும் அப்பிடியேதான் இருக்காளான்னு. நல்லா எழுதியிருந்தா, இவ நல்லா வந்துட்டான்னு நெனப்பா."

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். என்னைத் தேடி வரும் முதலாளிகள் எல்லோருக்கும் இப்படி ஓர் ஆள் இருக்கக்கூடும். நல்லா வந்துட்டேன் என்று காட்ட வேண்டிய ஓர் ஆள். டயர் கடைக்காரருக்கு அது யாரென்று நான் கேட்டதில்லை.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அக்காவிடம் போவேன். அவர் வேலை செய்துகொண்டே பேசுவார், கைபேசியில் பதிவுசெய்துகொள்வேன். சமையலைப் பற்றிப் பேசினால் நிற்கமாட்டார். தோட்டத்து நினைவு என்று வந்தால் மூன்று வாக்கியத்தில் முடிந்துவிடும். கோயில் திருவிழாவில் பாயசப் பானையை இருவருமாகத் தூக்கிக்கொண்டு போய்க் கவிழ்த்துவிட்டு, அடிக்குப் பயந்து புகைக்கொட்டகையில் ஒளிந்திருந்தார்கள். "அவ்வளவுதான். வேற என்ன இருக்கு?" என்பார். கொட்டகைக்குள் என்ன வாசனை, எவ்வளவு நேரம் இருந்தீர்கள், யார் முதலில் அழுதது என்று நான்தான் பிடுங்க வேண்டும். சிலவற்றுக்கு அவரிடம் பதில் இருக்காது. அந்த இடங்களை நான் நிரப்பினேன்.

நானும் தோட்டத்துப் பிள்ளைதான். எங்கள் தோட்டம் பஹாவ் பக்கம். என் அம்மா ரப்பர் பால்மரம் சீவியவள். இறந்து ஆறு வருடமாகிறது. முதலில் சின்னச் சின்னதாகத்தான் என் நினைவுகளை எடுத்து அக்காவின் கட்டுரைகளில் வைத்தேன். விடியற்காலைக் குளிர், வாளியின் சத்தம். பிறகு ஒரு தீபாவளிக்கு உளுந்து வடையைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. அக்காவுக்குத் தன் அம்மாவைப் பற்றிச் சொல்ல ஒன்றும் வரவில்லை. நான் என் அம்மாவை எழுதினேன்.

அம்மா ஆட்டுக்கல்லில் மாவாட்டிக்கொண்டே பாடுவாள். யாருக்கும் கேட்பதற்காக இல்லை, கல்லின் சுற்றுக்கு ஏற்றபடி. நடுவில் கோழி மாவுப் பக்கம் வந்தால் பாட்டை நிறுத்தி, அதை ஒரு மூச்சு ஏசி விரட்டிவிட்டு, விட்ட எழுத்திலிருந்தே மறுபடி எடுப்பாள். ஒரு எழுத்துக்கூடத் தவறாது. அதைத்தான் எழுதினேன். "என் அம்மா" என்று எழுதினேன். கீழே அக்காவின் பெயர்.

வெளியிடுவதற்கு முன்னால் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அடுப்பைக் குறைத்தார். "இருக்கட்டும். நல்லா இருக்கு" என்றார்.

அந்தக் கட்டுரைக்குத்தான் நிறையப் பேர் எழுதினார்கள். ஈப்போவிலிருந்து ஒருவர், "உங்கள் அம்மாவை நேரில் பார்த்ததுபோல் இருக்கிறது. அவர் நன்றாக இருக்கட்டும்" என்று எழுதியிருந்தார். சமையலறை மேசையில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் அம்மாவை ஒருவர் பார்த்துவிட்டார். ஆனால் அது என் அம்மா என்று அவருக்குத் தெரியாது. கணவரிடம் காட்டினேன். "பேரு உன்னுது இல்லதானே? அப்புறம் என்ன?" என்றார். குத்திப் பேசவில்லை, உண்மையைத்தான் சொன்னார். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் காலையில் அந்தப் பக்கத்தைத் திறந்து, யாராவது அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. வேறு எங்கும் இப்போது யாரும் அவளைப் பற்றிப் பேசுவதில்லை.

அப்படித் திறந்த ஒரு நாளில்தான் அது வந்திருந்தது. வாசகர் எழுதுவது முதலில் எனக்கு வரும், நான் அனுமதித்தால்தான் பக்கத்தில் தெரியும்.

"இது யாரு எழுதிக் குடுக்குறது? இவ்வளவு நேரா எழுத உனக்கு வராதே. மழையை மலைன்னு எழுதுற ஆளு நீ. பாயசப் பானையும் புகைக் கொட்டாயும் நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும், அதனால நீதான்னு தெரிஞ்சிக்கிட்டேன். ஆனா உங்கம்மா பாடுனதா போட்டிருக்கே, உங்கம்மா எப்பப் பாடுச்சி? அதுக்கு ஏசத்தான் தெரியும். என் வேலைய இப்ப யாரு செய்யிறது?"

கீழே ஒரு கிறிஸ்தவப் பெயர். அதற்குக் கீழே, கல்யாணத்துக்கு முன்னால் இருந்த பெயர், அக்கா தேடிக்கொண்டிருந்த பெயர். ஒரு தொலைபேசி எண், ஊர் கெமாஸ்.

அந்த நிமிடமே அக்காவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. யாராவது விளையாடுகிறார்களோ, சரிபார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். சரிபார்க்கவும் இல்லை. பசாருக்குப் போனேன். குளிர்பெட்டியைத் துடைத்தேன். டயர் கடைக்கு ஒரு கட்டுரை எழுதி அனுப்பினேன். உண்மை என்னவென்றால், தோழி கிடைத்துவிட்டால் அக்காவுக்கு அந்தப் பக்கம் தேவையில்லை. அந்தப் பக்கம் இல்லையென்றால் என் அம்மாவுக்கு இருக்க இடமில்லை.

நான்காம் நாள் அக்காவே கூப்பிட்டார்.

"இந்த வாரம் மாங்கா பச்சடி எழுதுவமா தங்கச்சி? அவளுக்கு அது ரொம்பப் புடிக்கும். ஒருவேள கண்ணுல பட்டா..."

"நேர்ல வரேன்க்கா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நான் போனபோது மழை பிடித்திருந்தது. வேலை செய்யும் பெண்கள் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்காவைத் தனியாக அரிசி மூட்டைகள் அடுக்கிய பக்கம் கூப்பிட்டுக் கைபேசியை நீட்டினேன். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எழுத்து தெரியவில்லை. "படி" என்றார். படித்தேன். "ஏசத்தான் தெரியும்" என்ற இடத்தில் அக்கா ஓவென்று சிரித்தார். பொட்டலம் கட்டுகிற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். படித்து முடித்தபோது அவர் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார்.

முந்தானையை இறக்கிவிட்டு, "எப்ப வந்துச்சி?" என்றார்.

"நாலு நாளாச்சிக்கா."

"நாலு நாளா? ஏன்?"

"அவங்க கெடச்சிட்டா என்னக் கூப்பிட மாட்டீங்கன்னு நெனச்சேன்."

அக்கா ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார். "நாப்பது வருஷமாத் தேடுறேன் தங்கச்சி. அதுக்கு மேல நாலு நாள நீ சேத்துட்ட."

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். என்ன செய்வதென்று தெரியாமல், பழக்க தோஷத்தில், "பதில் எழுதித் தரட்டுமாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"வேணாம். இது நான் எழுதுறேன்."

எண் இருக்கிறதே, கூப்பிட்டுப் பேசலாமே என்றேன். தலையை ஆட்டிவிட்டார். ஆர்டர் எழுதும் தாளின் பின்பக்கத்தில், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். நடுவில் ஒருமுறை, "மழைக்கு எந்த ழ?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப அதத்தான் எழுதக் கூடாது" என்றார். எழுதி முடித்து என்னிடம் தந்தார்.

"நாந்தான். இங்க மலை பெய்யிது. நீ எழுதிக் குடுத்த மாறி ரயில் ஓட்டல. சமையல் பன்றேன். எங்கம்மா பாடல. வா."

"ஒரு எழுத்தும் மாத்தாத. அப்பிடியே போட்டோ எடுத்துப் பக்கத்துல போடு" என்றார். போட்டேன். அரை மணி நேரம் ஆகியிருக்காது, அக்காவின் கைபேசி அடித்தது. எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

இனி கூப்பிடமாட்டார் என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை கூப்பிட்டார். "நாளைக்கிக் கெமாசுக்குப் போகணும். என்னால ஓட்ட முடியாது. நீ வந்து ஓட்டு." மன்னித்துவிட்டாரா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. போய் ஓட்டினேன்.

பஹாவைத் தாண்டி இரண்டு பக்கமும் செம்பனையாகவே வந்தது. அக்கா மடியில் கையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். "கெமாசுக்கு எத்தன தடவ சாப்பாடு எடுத்துட்டு வந்திருக்கேன் தெரியுமா? ஸ்டேஷன் பக்கத்து மண்டபத்துக்கே நாலஞ்சு தடவ. அவ அங்க சாப்பிட்டிருந்தாலும் இருப்பா." பிறகு, "ஒண்ணுமே சமைச்சி எடுத்துட்டு வரல. ரெண்டு நாளா யோசிக்கிறேன், என்ன செய்யிறதுன்னே தெரியல" என்றார். ஆயிரம் பேருக்கு யோசிக்காமல் சமைக்கிறவர்.

வாசல் நிலைக்கு மேலே சிலுவை மாட்டிய வீடு. கேட்டைத் திறந்துகொண்டு வந்த பெண் ஒல்லியாக, உயரமாக, பாதி நரைத்த கூந்தலோடு இருந்தார். இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. எதிரெதிரே நின்று பார்த்துக்கொண்டார்கள்.

"குண்டாயிட்டடி."

"நீ மட்டும் என்ன, கருத்துப்போயிருக்க."

அதற்குப் பிறகுதான் இருவருக்கும் அழுகை வந்தது.

உள்ளே உட்கார்ந்ததும் தோழி சொன்னார். பேரப்பிள்ளையின் ஞானஸ்நான விருந்துக்குச் சமையல்காரர் தேடிய மருமகள், தமிழில் ஏதோ இருக்கிறதே என்று சத்தமாகப் படித்தாளாம். பாயசப் பானை வந்ததும் இவர் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாராம். எல்லாக் கட்டுரைகளையும் அன்றே படித்து முடித்திருக்கிறார்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீதான் எழுதுனதாம்மா?"

"ஆமாக்கா."

"நல்லா எழுதுற. அந்தப் பாடுற அம்மா யாரு?"

"எங்கம்மா."

"இருக்காங்களா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் இவளுக்குத் தூக்கிக் குடுத்த?"

அக்காதான் பேசினார், என்னைப் பார்க்காமல், தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு.

"எங்கம்மா இல்லன்னு எனக்குத் தெரியாதா? படிச்சிக் காட்டுறப்ப, எங்கம்மாவும் இப்பிடி இருந்திருக்கக் கூடாதான்னு இருந்திச்சி. ஒரு தடவயாச்சும். அதான் இருக்கட்டும்னேன்."

தோழி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கிளம்பும்போது காரில் ஏறிய பிறகு அக்கா சொன்னார். "அத எடுத்திரு தங்கச்சி. உங்கம்மா உன் பேர்ல இருக்கட்டும்."

அடுத்த வாரம் எடுத்துவிட்டேன். கட்டுரையை நீக்கியபோது அதற்குக் கீழே வாசகர்கள் எழுதியிருந்ததெல்லாம் சேர்ந்து போய்விட்டது. முன்பே எடுத்துவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கட்டுரை மட்டும் என் கணினியில் இருக்கிறது.

இப்போது அக்காவின் பக்கத்தை அந்தத் தோழிதான் எழுதுகிறார். அக்கா தொலைபேசியில் சொல்ல, அவர் கெமாசில் உட்கார்ந்து எழுதி அனுப்புகிறார். மூன்று வாக்கியத்துக்கு மேல் அக்காவிடமிருந்து பிடுங்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லை. மீதி அவருக்கே தெரியும். என் கட்டுரைகளைவிடச் சின்னவை, என் கட்டுரைகளைவிட நன்றாக இருக்கின்றன. ஞானஸ்நான விருந்துக்கு என்னையும் அழைத்தார்கள். போனேன். இருவரும் பந்தியில் ஒருவர் பேச்சை ஒருவர் முடித்துவைத்துக்கொண்டு பரிமாறுவதைப் பார்த்தபடி சாப்பிட்டேன். என்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். பின்னலும் நீல ரிப்பனும்தான் வந்தன.

அம்மாவைப் பற்றி என் பெயரில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அக்காவின் பெயரில் ஒரு மாலையில் எழுதி முடித்தது, இப்போது நகர மறுக்கிறது. "என் அம்மா பாடுவாள்" என்று எழுதினால், என்ன பாட்டு என்ற கேள்வி வருகிறது. மெட்டு தெரிகிறது, கல் சுற்றும் வேகம் தெரிகிறது, சொற்கள் ஒன்றும் வரவில்லை. அக்காவின் அம்மாவாக எழுதியபோது சொற்கள் எனக்குத் தேவைப்படவில்லை. மூன்று பத்தி வந்திருக்கிறது. இன்னும் யாரிடமும் காட்டவில்லை.